ஸ்பீக்கர் பொக்ஸும் நமது டைல்ஸ் ஹோலும்: ஒரு சின்ன வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாளைக்கு ஊருக்கு ஹோம் தியேட்டர் செட் அனுப்ப நினைத்திருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளும், அதை எதிர்பார்த்திருக்கும் வீடுகளும் பொறுமையாக வாசியுங்கள். காசு கட்டுவதற்கு முன் வாசித்தால் இன்னும் நல்லது.

கடந்த வருடம் கட்டாரிலிருந்து காக்கா ஒரு செட் அனுப்பினார். முன்னுக்கு உயரமான இரண்டு பொக்ஸ், நடுவுக்கு ஒன்று, பின்னுக்கு இரண்டு, நிலத்தில் வைக்கிற சப் வூஃபர் ஒன்று. அவருடைய நாலு மாதச் சம்பளம் அதற்குள் இருந்தது. வாப்பாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது, காதும் கொஞ்சம் மந்தம். கிராஅத்தும் செய்தியும் பழைய படங்களும் அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதுதான் காக்காவின் நிய்யத்.

பூட்டி முடித்த அன்று இஷாவுக்குப் பிறகு வாப்பா சோஃபாவில் வந்து இருந்தார். ஐந்து நிமிடம் பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "சத்தம் நல்லாக் கேக்குது மகன். பேச்சுத்தான் விளங்குதில்ல."

சத்தத்தைக் கூட்டினோம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பேச்சு விளங்கவில்லை. செட்டைப் பூட்டித் தந்த தம்பியைக் கூப்பிட்டோம். ஹோல் பெரிசு, இந்த எம்பிளிஃபயர் காணாது, இதைவிடப் பெரியது எடுக்க வேண்டும் என்றார். விலையைக் கேட்டால் காக்காவின் இன்னும் மூன்று மாதச் சம்பளம். காக்கா போனில், "சரி, அனுப்புறன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அந்த ஒரு சொல்தான் எங்களைத் தூங்க விடவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. எதைக் கண்டாலும் இது எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்ப்போம். இந்த முறை அந்த வருத்தம் மூன்று மாதச் சம்பளத்தைக் காப்பாற்றியது.

ஸ்பீக்கரின் கதை வீட்டுக்குள் தொடங்கவில்லை, கூட்டங்களில்தான் தொடங்கியது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் 1915ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடியிருந்த பெருங்கூட்டத்துக்குத் தங்கள் கருவியால் பேச்சையும் இசையையும் கேட்கச் செய்தார்கள். 1919இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியாகோவில் பல்லாயிரம் பேர் முன் அதே கருவியால் பேசினார். அதுவரை ஒரு தலைவரின் குரல் அவருடைய தொண்டை போகும் தூரம்தான் போனது.

இன்று நம் வீட்டுப் பொக்ஸுக்குள் இருக்கிற கடதாசிக் கோனும் கம்பிச் சுருளும் காந்தமும் கொண்ட அமைப்புக்கு அடித்தளம் போட்டவர்கள் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் என்ற ஜெனரல் எலக்ட்ரிக் பொறியியலாளர்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை வந்த வருடம் 1925. அதே 1925 டிசம்பர் 16ஆம் திகதிதான் கொழும்பில் முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923 முதலே பரிசோதனை ஒலிபரப்புகள் நடத்தி வந்தார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அவர் தன் ஒலிபரப்பியைக் கட்டினார் என்று சொல்வார்கள். நவீன ஸ்பீக்கரும் இலங்கை வானொலியும் ஒரே வயதுக்காரர்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஒரு நிமிடமாவது அமைதியாக இருக்கிறார்கள்.

யுத்த காலத்து நேச நாட்டுப் படைகளின் வானொலி நிலையம் 1949இல் இலங்கையின் கைக்கு வந்தது. அதன் பிறகு இந்தியாவே காது கொடுத்துக் கேட்ட நிலையமாக ரேடியோ சிலோன் வளர்ந்தது. நம் பக்கத்து மூத்தவர்களுக்கு அதன் அருமை தனியாகச் சொல்லத் தேவையில்லை. நோன்பு காலத்தில் முஸ்லிம் சேவையின் அதான் ஒலிக்கும்வரை பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரேடியோவையே பார்த்திருந்த வீடுகள் நம் வீடுகள்.

அந்த ரேடியோவின் ஸ்பீக்கர் உள்ளங்கையளவுதான். ஆனாலும் வாப்பாவின் வாப்பா காலத்தில் அதில் பேச்சு விளங்கவில்லை என்று யாரும் குறை சொன்னதில்லை. இது எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. அந்தச் சின்ன ஸ்பீக்கர் இந்தப் பெரிய செட்டைவிட நல்லதாக இருந்திருக்க முடியாது. அப்படியானால் மாறியது எது?

வீடுதான் மாறியது. அன்று கிடுகு கூரை, களிமண் தரை, பன்பாய், திறந்த வாசல். போன சத்தம் திரும்பி வராது. இன்று மேலே கொங்கிரீட், கீழே டைல்ஸ், நாலு பக்கமும் பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல். ஹோலில் நின்று ஒரு தும்மல் தும்மிப் பாருங்கள்.

இதை முதலில் கணக்காக்கிக் காட்டியவர் வொலஸ் சபைன். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சத்தம் அடங்க ஐந்தரை விநாடிக்கு மேல் எடுத்தது. இருபதுகளின் கடைசியில் இருந்த உதவி விரிவுரையாளர் சபைனிடம் இதைச் சரிபண்ணும்படி பொறுப்புக் கொடுத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் ஆசன மெத்தைகளை நடுச்சாமத்தில் தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்தில் அடுக்குவார். ஓர்கன் குழலை ஊதி நிறுத்திவிட்டு, சத்தம் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று கடிகாரத்தால் அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளை அதே இடத்தில் கொண்டுபோய் வைப்பார். மண்டபம் முழுக்க மெத்தை வைத்தபோது ஐந்தரை விநாடி ஒரு விநாடிக்குச் சற்று மேலே என்ற அளவுக்கு இறங்கியது. தான் உடுத்தியிருக்கிற துணியும் சத்தத்தைக் குடிக்கிறது என்று கண்டபின், ஆயிரக்கணக்கான பழைய அளவீடுகளை ஒதுக்கிவிட்டு, ஒரே உடுப்பில் மீண்டும் அளந்தார். இப்படியான மனிதர்களை நினைத்தால் ஒரு பாடக்குறிப்பைத் திருத்தி எழுதச் சொன்னதற்கு முகம் சுளிக்கிற நமக்கு வெட்கம்தான்.

அவர் கண்ட விதி எளிமையானது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் பிரித்தால் சத்தம் அடங்கும் நேரம் விநாடியில் வரும். எங்கள் ஹோலுக்குப் போட்டுப் பார்த்தோம். 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம். ஏறத்தாழ 85 கன மீற்றர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 121 சதுர மீற்றர். டைல்ஸும் சீமெந்தும் படுகிற சத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கை உறிஞ்சினால் அதுவே அதிகம். கணக்கு 3.8 விநாடி என்று வந்தது. வெறும் ஹோலுக்கான கணக்கு அது. சோஃபாவும் ஆட்களும் இருந்தால் குறையும், ஆனாலும் பேச்சுக்குக் கூடாத அளவுதான். பேச்சில் ஒரு விநாடிக்கு நாலைந்து அசைகள் வருகின்றன. முதல் அசை அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறி நிற்கிறது. சத்தத்தைக் கூட்டினால் பேச்சும் கூடும், எதிரொலியும் அதே அளவு கூடும். பெரிய எம்பிளிஃபயர் எடுத்திருந்தால் வாப்பாவுக்கு விளங்காத பேச்சு இன்னும் பலமாக விளங்காமல் போயிருக்கும்.

ஸ்பீக்கர் வரலாற்றில் இதே இடத்தில் முட்டிக்கொண்ட நம் பக்கத்து இரத்தம் ஒருவரும் இருக்கிறார். அமர் போஸ். தகப்பன் வெள்ளைக்காரனை எதிர்த்து அமெரிக்காவுக்குத் தப்பிப் போன வங்காளி. 1956இல் படிப்பை முடிக்கும் தறுவாயில், விபரக் குறிப்பைப் பார்த்துத் தெரிவு செய்து நல்ல ஒரு செட்டை வாங்கினார் போஸ். வீட்டில் போட்டுக் கேட்டதும் ஏமாந்து போனார். தாளில் இருந்த தரம் காதில் இல்லை. இசை மண்டபத்தில் நம் காதுக்கு வருவதில் பெரும்பகுதி சுவரில் பட்டு வருகிற சத்தம் என்று ஆராய்ந்தார். 1964இல் நிறுவனம் தொடங்கி, 1968இல் ஒன்பது ஸ்பீக்கர்களில் எட்டு பின்சுவரைப் பார்த்திருக்கிற ஒரு பொக்ஸை விற்கத் தொடங்கினார். எங்கள் அபிப்பிராயம், அந்தப் பொக்ஸை கல்முனையின் டைல்ஸ் ஹோலில் வைத்தால் அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும். ஆனால் அறையும் ஸ்பீக்கரின் ஒரு பகுதி என்று அவர் கண்டது சரி.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனடா தேசிய ஆராய்ச்சிச் சபையில் ஃபுளொய்ட் டூல் என்பவர் பல வருடங்களாக ஆட்களை இருத்தி, திரைக்குப் பின்னால் பொக்ஸை மறைத்து வைத்துக் கேட்கச் செய்து புள்ளி வாங்கினார். அவரோடு வேலை செய்த ஷோன் ஒலிவ் 1994இல் ஒரு ஸ்பீக்கர் கம்பனியின் ஊழியர்களையே இருத்தி, ஒரு முறை கண்ணுக்குத் தெரிய, ஒரு முறை மறைத்துக் கேட்க வைத்தார். தெரிந்தபோது பெரிய, அழகான, விலை கூடிய பொக்ஸுக்குப் புள்ளி அள்ளிக் கொட்டியது. மறைத்தபோது அந்த வித்தியாசம் சுருங்கிப் போனது. கண்ணால் கேட்கிற வருத்தம் நம்மூரில் மட்டும் இல்லை.

இனி வாப்பாவின் பழைய பொக்ஸுக்கு வருகிறோம். அது இல்லாமல் இந்தப் பதிவு முழுமையாகாது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு, நம் கரையோரத்துக்கு மத்திய கிழக்கிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. வாப்பா சவூதியில் இருந்து 1989இல் வரும்போது ஸ்டீரியோ செட் ஒன்று கொண்டு வந்தார். ஸ்டீரியோ என்பது 1931இல் இங்கிலாந்தில் அலன் புளும்லீன் என்பவர் உரிமம் பெற்ற யோசனை. படம் பார்க்கப் போனபோது திரையில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கமிருந்து வந்ததைக் கண்டு, இதைச் சரிபண்ண எனக்குத் தெரியும் என்று மனைவியிடம் சொன்னாராம். யுத்தத்தில் ராடார் பரிசோதனை விமானம் விழுந்து 1942இல் மௌத்தாகிவிட்டார். தன் கண்டுபிடிப்பு வீடுகளுக்கு வந்ததை அவர் காணவில்லை.

வாப்பாவின் செட்டை உம்மா மாணிக்கம் போல் காப்பாற்றினார். உறை தைத்துப் போட்டார், அதற்கு மேல் பொலித்தீன் சுற்றினார், பெருநாளைக்கு மட்டும் திறந்தார். நாங்கள் பெரிய வகுப்புக்கு வந்த காலத்தில் ஒருநாள் போட்டுப் பார்த்தால் கர்ர்ரென்று ஒரு சத்தம். முன்துணியைக் கழற்றினோம். கோனைச் சுற்றியிருந்த பஞ்சு வளையம் பிட்டு மாவைப் போல உதிர்ந்தது. எலி கடித்துவிட்டது என்று வீட்டில் தீர்ப்பு வந்தது. உம்மாவுக்கு நாலைந்து நாள் மனம் சரியில்லை.

எலி இல்லை. 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் இருக்கிற காற்றையே ஸ்பிரிங்காகப் பாவித்து ஆழமான பேஸ் எடுக்கலாம் என்று காட்டினார். அதன் பிறகுதான் அலுமாரி அளவு பொக்ஸ் தட்டில் வைக்கும் அளவுக்குச் சிறுத்தது. அப்படிச் சின்னப் பெட்டியில் கோன் நிறைய முன்னும் பின்னும் போய் வர வேண்டும் என்றால் அதன் விளிம்பு மெத்தென்று இருக்க வேண்டும். எழுபதுகளிலிருந்து பல கம்பனிகள் அதற்குப் பொலியுறிதேன் பஞ்சைப் பாவித்தன. இந்தப் பஞ்சுக்கு ஈரப்பதமும் வெக்கையும் எதிரி. பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் பத்து இருபது வருடத்தில் அதுவாக உக்கிவிடும். நம் கடற்கரையில் வருடம் முழுக்க ஈரக் காற்று. பொலித்தீன் அந்த ஈரத்தை உள்ளே பூட்டி வைத்தது. உம்மாவின் பக்குவம்தான் பொக்ஸை முடித்தது என்று சொல்ல இன்று வரை எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆகவே பொலித்தீன் சுற்றாதீர்கள். பருத்தித் துணி போதும். வாரத்தில் ஒரு நாளாவது போட்டுக் கேளுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வைக்கவே வேண்டாம். வயரின் நுனியைச் செப்பு பச்சை பிடித்திருக்கிறதா என்று வருடம் ஒரு முறை பாருங்கள். பிடித்திருந்தால் அரை அங்குலம் வெட்டிப் புதிதாக உரித்துப் பூட்டினால் சரி. பொன் வயர், வெள்ளி வயர் என்று யாராவது விற்க வந்தால் சலாம் சொல்லி அனுப்பிவிடுங்கள், வீட்டுத் தூரத்துக்கு நல்ல தடிப்பான செப்பு வயர் தாராளம். இடி மின்னல் காலத்தில் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் காணாது. கோனை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, மெல்லிய தூரிகை போதும்.

இனிச் செட்டைச் சரிபண்ணிய கதை. வீட்டுக்கு ஐந்து ஸ்பீக்கர் வந்தது சினிமாக் கொட்டகையிலிருந்து. டொல்பி ஸ்டீரியோ எழுபதுகளின் நடுப்பகுதியில் கொட்டகைகளுக்கு வந்தது, தமிழில் 1995இல் குருதிப்புனல் அந்த வகைச் சத்தத்தோடு பேசப்பட்டது, பிறகு டிவிடி அதைக் கையடக்கமாக வீட்டுக்குக் கொண்டு வந்தது. இந்த முறையில் பேச்சு அனேகமாக முழுக்க நடுப் பொக்ஸிலிருந்துதான் வருகிறது. எங்கள் வீட்டில் அந்த நடுப் பொக்ஸ் டீவி மேசையின் கீழ்த்தட்டில், எல்லோருடைய முழங்காலையும் பார்த்துக்கொண்டிருந்தது. எழுபது வயது மனிதருக்கு முதலில் குறைவது மெல்லிய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, ப எல்லாம் பிரிவது அந்த ஒலிகளில்தான். அவை காலுக்குப் போய்விட்டன.

தட்டின் முன் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் ஒரு சின்னப் பலகைத் துண்டு வைத்து, வாப்பாவின் காதைப் பார்க்கும்படி நிமிர்த்தினோம். ரிமோட்டில் நடுப் பொக்ஸை மட்டும் மூன்று டெசிபல் கூட்டினோம். முன்னிரண்டும் வாப்பாவின் இருக்கையிலிருந்து நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 30 பாகையில், பின்னிரண்டும் காதுக்குச் சற்றுப் பின்னால், 110 பாகை அளவில். பிள்ளைகளின் பாகைமானியும் நூலும்தான் கருவி.

பிறகு துணி. மருதமுனைத் தறியில் தடிப்பான துணி எடுத்து, சுவர் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, கூரையிலிருந்து தரை வரை சுருக்கு வைத்து இரண்டு சுவருக்குத் தொங்கவிட்டோம். சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி. ஒட்டித் தொங்கவிட்டால் பாதிப் பயன்தான். சோஃபாவுக்கு முன்னால் கம்பளம். பின்சுவருக்குப் புத்தக அலுமாரியை நகர்த்தினோம், பாடப்புத்தகங்கள் கடைசியில் ஒரு வேலைக்கு உதவின. துணிக்குப் போன காசு எம்பிளிஃபயர் விலையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை, போனது நம்மூர் நெசவாளர் கைக்கு.

பேஸுக்குத் துணி உதவாது. 20 அடி நீள ஹோலில் 28 ஹேர்ட்ஸ் அளவிலும், 15 அடி அகலத்தில் 38 அளவிலும் சத்தம் தானே வீங்கும். மூலையில் வைத்தால் இன்னும் வீங்கும். இதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. சப் வூஃபரைக் கேட்பவரின் ஆசனத்தில் தூக்கி வைத்துப் போட்டுவிட்டு, நாம் நிலத்தில் தவழ்ந்து பேஸ் சீராகக் கேட்கிற இடத்தைத் தேட வேண்டும். அந்த இடம்தான் அதற்கு வீடு. நாங்கள் தவழ்ந்து கொண்டிருக்கும்போது உம்மா வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குசினிக்குத் திரும்பிப் போனார்.

அன்றிரவு முன்பைவிடக் குறைந்த சத்தத்தில் வைத்தோம். வாப்பா செய்தி முழுக்கக் கேட்டார். முடிந்ததும், அந்த அமைச்சர் சொன்னது பொய் என்றார். பேச்சு விளங்கிவிட்டது என்று எங்களுக்கு விளங்கியது. காக்காவுக்கு அப்போதே போன் எடுத்து எம்பிளிஃபயர் வேண்டாம் என்றோம்.

அயலவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 40 ஹேர்ட்ஸ் சத்தத்தின் அலை எட்டரை மீற்றருக்கு மேல் நீளம். நம்மூரில் இரண்டு வீட்டுக்கு நடுவில் பல இடங்களில் ஒரு ஆள் பக்கவாட்டாக நடக்கத்தான் இடம். நமக்குப் படத்தில் வெடிக்கிற குண்டு அடுத்த வீட்டுத் தொட்டில் பிள்ளைக்கு நெஞ்சில் இடிக்கும். வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்று பொதுவாகக் கட்டளையிட்டது. பள்ளிக்கே அந்தக் கணக்கு என்றால் நம் சப் வூஃபர் எம்மாத்திரம்? அதற்குக் கீழே தடித்த இறப்பர் விரிப்புப் போடுங்கள், பத்து மணிக்குப் பிறகு அதை மட்டும் அணைத்துவிடுங்கள். பேச்சு அப்போதும் கேட்கும்.

கடைசியாக, அலுமாரிக்கு மேலே உறை போட்டு வைத்திருக்கிற பழைய பொக்ஸை உக்கிவிட்டது என்று பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். முன்துணியைக் கழற்றி, கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள். உரசாமல் போய் வந்தால் சுருளும் காந்தமும் நல்லாயிருக்கிறது, வளையம் மட்டும்தான் போயிருக்கிறது. புது வளையம் ஒட்டிவிடலாம். முடிந்தால் பஞ்சு வேண்டாம், இறப்பர் வளையம் கேளுங்கள். வாப்பாவின் 1989ஆம் ஆண்டுப் பொக்ஸை அப்படித்தான் எடுத்தோம். இப்போது உம்மாவின் குசினியில் இருக்கிறது, காலையில் ரேடியோவுக்கு.

வஸ்ஸலாம்.